வேலிக்காத்தான் முள்ளும் ட்யூப்லெஸ் சைக்கிள் டயரும்: வேலூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சைக்கிளில் 35 மி.மீ.க்கு மேல் அகலமான டயர் ஏறும், பாலாற்றங்கரை மண் பாதை, ஏரிக்கரை, அமிர்தி ரோடு, ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை என்று சுற்றுகிற பழக்கமும் உண்டு என்றால் தாராளமாக ட்யூப்லெஸுக்கு, அதாவது உள்ளே ட்யூப் இல்லாத டயருக்கு, மாறுங்கள். கொடுக்கிற காசுக்குப் பலன் இருக்கிறது. 28 மி.மீ. ரோடு டயர், தார்ச் சாலை மட்டும்தான் என்றால் ட்யூபிலேயே இருப்பது நல்லது. கோடையில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம் சக்கரத்துக்காக அரை மணி நேரம் ஒதுக்க முடியாதவர், டயர் எவ்வளவு அகலமானாலும் இதைத் தொட வேண்டாம். கவனிக்காத ட்யூப்லெஸை விட சாதாரண ட்யூபே மேல்.

பழைய வேலூர் மாவட்டம் முழுக்க, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், சைக்கிள்காரருக்கு முதல் எதிரி முள். பாலாற்று மணலிலும் ஏரி வாய்க்கால் ஓரத்திலும் வேலிக்காத்தான் (சீமைக் கருவேலம்) மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டி வண்டியில் ஏற்றிப் போகும்போது உதிர்கிற சுள்ளிகள் தார் ரோட்டிலும் கிடக்கும். விரல் நீளத்துக்குக்கூட வளர்கிற அந்த முள், டயரின் ரப்பரையும் துணியையும் துளைத்து நேராக உள்ளே போய்விடும். மழை முடிந்து புல் காய்ந்ததும் நெருஞ்சி. அதன் காய் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேல் பார்த்து நிற்கும். ஒரே இடத்தில் நாலைந்து ஏறுவதும் உண்டு. மூன்றாவதாக, நான்கு வழிச்சாலை ஓரத்தில் வெடித்த லாரி டயரிலிருந்து சிதறுகிற மெல்லிய எஃகுக் கம்பி. வேலூரிலிருந்து வாலாஜா வரை சர்வீஸ் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். இந்த மூன்றும் போடுகிற ஓட்டை பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மி.மீ.க்குள் அடங்கும். ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றுகிற சீலன்ட் என்ற அடைப்புத் திரவம் மிக நன்றாக அடைக்கிற அளவு அது. இந்த ஊருக்கு இது பொருந்துவதற்கு முதல் காரணம் அதுவே.

வேலை செய்கிற விதம் இப்படி. டயருக்குள் ரப்பர் பாலும் கிளைக்காலும் நுண்ணிய துகள்களும் கலந்த திரவம் இருக்கும். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை வழியாகக் காற்று சீறும். அதோடு திரவமும் வெள்ளையாகப் பீறிட்டு ஃபிரேமில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். வெளியேறுகிற காற்று துகள்களை ஓட்டைக்குள் இழுத்துத் திணிக்கும், ரப்பர் பால் அவற்றைச் சுற்றி உறையும். ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால் சில நொடிகளில் சீறல் குமிழியாகி, குமிழி ஈரப்பொட்டாகி நின்றுவிடும். இழப்பு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்கலாம். ஆனால் இது 35, 40 பி.எஸ்.ஐ.யில் ஓடுகிற டயருக்குச் சொன்ன கணக்கு. 80 பி.எஸ்.ஐ. ரோடு டயரில் காற்றின் வேகம் துகளை நிற்கவே விடாது. அழுத்தம் நன்றாக இறங்கிய பிறகுதான் ஓட்டை அடையும், அதற்குள் பாதிச் சீலன்ட் ரோட்டில். மெல்லிய டயருக்கு இதைப் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான்.

முதலில் ரிம்மைப் பாருங்கள்

டயர் வாங்கப் போகும் முன் பார்க்க வேண்டியது ரிம். ட்யூப்லெஸ் ரிம்மில் நடுவே பள்ளம் இருக்கும், இரண்டு ஓரத்திலும் டயரின் பீடு (ரிம்மைக் கவ்வுகிற விளிம்பு) உட்காரத் தட்டையான திண்டு இருக்கும். பல ரிம்களில் திண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சின்ன மேடும் உண்டு. காற்று குறைந்தாலும் பீடு உள்ளே நழுவாமல் பிடிக்கிறது அந்த மேடுதான். சாதாரண ரிம்மில் இந்த அமைப்பு இருக்காது. டேப் ஒட்டி, சீலன்ட் ஊற்றி அதையும் ட்யூப்லெஸாக ஆக்கித் தருகிறோம் என்று சொல்கிற கடைகள் உண்டு. அகல எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) டயரில், குறைந்த காற்றில் அது ஓடவும் செய்யும். ஆனால் வளைவில் பீடு விலகி ஒரே மூச்சில் காற்று போகிற அபாயம் எப்போதும் கூடவே வரும். மலை இறக்கத்தில் ஓட்டுகிறவர் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

ரிம்மில் ஒட்டியிருக்கும் அல்லது பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 622x21 டி.சி. என்றால் 700 சி அல்லது 29 அங்குலச் சக்கரம், உள் அகலம் 21 மி.மீ., ஓரத்தில் பீடைப் பிடிக்கிற கொக்கி போன்ற மடிப்பு உண்டு. டி.எஸ்.எஸ். என்றிருந்தால் கொக்கி இல்லாத நேர்ச்சுவர் ரிம். அதில் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று ஏற்றவே கூடாது. டயரும் கொக்கியில்லாத ரிம்முக்கு ஒப்புதல் உள்ளதாக இருக்க வேண்டும். 584 என்பது 27.5 அங்குலம், 559 என்பது பழைய 26 அங்குலம். அப்பா காலத்து 28 அங்குல ஹெர்குலிஸ், ராலே சைக்கிள்களின் சக்கரம் 635. அந்த அளவுக்கு ட்யூப்லெஸ் தேடி அலைய வேண்டாம்.

உள் அகலம் 19 மி.மீ. என்றால் 28 முதல் 42 வரை, 21 முதல் 25 என்றால் 35 முதல் 50 வரை, 30 என்றால் 2.25 முதல் 2.5 அங்குலம் வரை டயர் நன்றாக உட்காரும். ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு பக்கமும் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் ஏரிக்கரைக் களிமண் அப்பினால் அதற்கும் குறைந்த இடைவெளியில் சக்கரமே சுற்றாது.

எந்த டயர்

டயரின் ஓரத்தில் இருக்கிற எழுத்துதான் முக்கியம், பெட்டியில் இருக்கிற படம் இல்லை. மேக்ஸிஸில் டி.ஆர்., ஷ்வால்பேவில் டி.எல்.ஈ. அல்லது டி.எல்.ஆர்., விட்டோரியாவில் டி.என்.டி. அல்லது டி.எல்.ஆர்., டபிள்யூ.டி.பி.யில் டி.சி.எஸ்., ஸ்பெஷலைஸ்டில் டூ ப்ளிஸ் ரெடி. எல்லாம் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன: பீடு இறுக்கமானது, சீலன்ட் ஊற்றினால் காற்றைப் பிடிக்கும். ஆன்லைனில் வாங்கும்போது ஏமாறுகிற இடமும் இதுவே. மேக்ஸிஸ் ஐகான் என்ற ஒரே பெயரில் மடக்கக்கூடிய ட்யூப்லெஸ் டயரும் வருகிறது, கம்பி பீடு வைத்த சாதாரண டயரும் வருகிறது. விலை பாதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு வாங்கினால் வருவது இரண்டாவது. டி.ஆர். என்ற எழுத்தைப் படத்திலேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

1999இல் மாவிக், மிஷ்லின், ஹட்சின்சன் சேர்ந்து கொண்டுவந்த யு.எஸ்.டி. முறையில் டயரே உட்புறம் காற்றுப் புகாத ரப்பர் பூசி வந்தது. சீலன்ட் இல்லாமலே நிற்கும், ஆனால் எடை அதிகம். இன்று கடையில் கிடைக்கிற ட்யூப்லெஸ் ரெடி டயர்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. பக்கச்சுவரில் இருக்கிற நுண்துளைகளைச் சீலன்ட்தான் அடைக்கிறது. சீலன்ட் காய்ந்தால் முள் பாதுகாப்பு மட்டுமல்ல, காற்று நிற்பதே போய்விடும். வேலூர் வெயிலில் இதை மறந்தால் மே மாதம் டயரே நினைவுபடுத்தும்.

இப்போது சில டயர்கள். தார் ரோடும் மண் ரோடும் சரிபாதி என்றால் ஷ்வால்பே ஜி-ஒன் ஆல்ரவுண்ட், 40 மி.மீ. வட்ட வட்டமான சின்னப் புள்ளிக் கட்டைகள் நெருக்கமாக இருப்பதால் தாரில் இரையாமல் ஓடும், காய்ந்த செம்மண்ணில் பிடிப்பும் போதும். ஈரக் களிமண்ணில் மட்டும் வழுக்கும். காட்பாடி, திருவலம், பொன்னை என்று சுற்றுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதை. பானரேசர் கிராவல்கிங் எஸ்.கே. கட்டைகள் இன்னும் நெருக்கம். சரளையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கட்டைகளுக்கு நடுவே பொடிக்கல் சிக்கிச் சிக்கித் தெறிக்கும். ஃபிரேமின் அடியில் பெயின்ட் போகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டிக்கொள்ளுங்கள். தாரிலேயே ஓட்டினால் பின் டயரின் நடுக்கட்டைகள் சீக்கிரம் மொட்டையாகும்.

ஜவ்வாது மலைக்கும் காட்டுப்பாதைக்கும் போகிற 29 அங்குல எம்.டி.பி. என்றால் மேக்ஸிஸ் ஐகான் 2.20, அல்லது விட்டோரியா மெஸ்கால் 2.25. ஐகானில் எக்ஸோ என்று போட்டதையே எடுங்கள். பக்கச்சுவரில் வெட்டு விழாமல் இருக்கக் கூடுதல் நெசவு வைத்திருப்பார்கள். கூரான கருங்கல் சில்லு கிடக்கிற பாதையில் அந்தச் சில பத்து கிராம் எடை வீணல்ல, ஏனென்றால் பக்கச்சுவர் கிழிந்தால் எந்தச் சீலன்டும் உதவாது. மெஸ்காலின் நடுக்கட்டைகள் தொடர்ச்சியாக அமைந்தவை, அதனால் தாரில் உழைக்கும். வீட்டிலிருந்து மலையடிவாரம் வரை தாரிலேயே போய்ச் சேர வேண்டியவருக்கு மெஸ்கால்தான் பொருத்தம்.

ரோடு சைக்கிளில் ட்யூப்லெஸ் போட்டே தீருவேன் என்பவருக்கு கான்டினென்டல் ஜி.பி. 5000 எஸ் டி.ஆர். வேகத்திலும் பிடிப்பிலும் குறை சொல்ல இடமில்லை. ஃபிரேம் இடம் கொடுத்தால் 32 மி.மீ. போடுங்கள், காற்றைக் குறைத்து ஓட்டலாம், சீலன்டும் வேலை செய்யும். ஆனால் இதன் பீடு சில ரிம்களில் மிக இறுக்கம். பஞ்சரானால் ரோட்டோரத்தில் வெறும் கையால் கழற்றி மாட்டுவது எல்லோராலும் ஆகாது. வாங்கிய அன்றே வீட்டில் ஒரு தரம் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு வெளியே எடுங்கள்.

மாட்டுவதில் பாதி வேலை டேப்

ட்யூப்லெஸ் சரியில்லை, காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று வருகிற புகார்களில் டயர் காரணமாக இருப்பது குறைவு. டேப்தான். ரிம்மின் உள் அகலத்தை விட 3, 4 மி.மீ. கூடுதலான டேப் வேண்டும்: 21 மி.மீ. ரிம்முக்கு 25 மி.மீ. டேப். குறுகிய டேப் ஸ்போக் ஓட்டைகளை மட்டும் மூடும், பீடு ஏறி உட்காரும்போது அதன் விளிம்பைச் சுருட்டிவிடும். செலோ டேப், எலக்ட்ரிகல் டேப் எதுவும் உதவாது. ஒன்று இழுபடும், ஒன்று சீலன்டின் ஈரத்தில் பசை விட்டுப் போகும்.

பழைய ரிம் டேப்பை உரித்து, ரிம்மின் உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட் நனைத்த துணியால் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும். சி.எம்.சி. எதிரே இருக்கிற மருந்துக் கடைகளில் ஸ்பிரிட்டும் 60 மி.லி. சிரிஞ்சும் கிடைக்கும், இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஸ்போக் ஓட்டைகளின் விளிம்பில் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்க்கவும். நன்றாகக் காய்ந்த பிறகு, வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் டேப்பைத் தொடங்கி, இழுத்துப் பிடித்தபடி சுற்றி வந்து, வால்வு ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் போய் முடியுங்கள். அப்படிச் செய்தால் வால்வு இருக்கிற இடத்தில் இரண்டு அடுக்கு வரும். கட்டைவிரலால் நடுப்பள்ளத்தில் அழுத்திக்கொண்டே வர வேண்டும். குமிழி, சுருக்கம் எதுவும் கூடாது. 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஓட்டுகிறவர்கள் முழுச் சுற்றும் இரண்டு அடுக்கு போடுங்கள்.

பிறகு ஒரு ட்யூபைப் போட்டு, டயரை ஏற்றி, 40 பி.எஸ்.ஐ. வைத்து ஒரு இரவு விடுங்கள். அழுத்தத்தில் டேப் ரிம்மோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு இரவைப் பலரும் தவிர்க்கிறார்கள், வேண்டாம். மறுநாள் ட்யூபை எடுத்துவிட்டு வால்வு ஓட்டையைக் குத்துங்கள். பிளேடால் குறுக்குமறுக்காகக் கீறினால் கீறல் வளர்ந்துகொண்டே போய்ச் சீலன்ட் ரிம்முக்குள் இறங்கும். சூடு காட்டிய கோணி ஊசியோ மெல்லிய ஆணியோ போதும். ஓட்டை வட்டமாக, விளிம்பு உருகி இருக்கும். வால்வின் ரப்பர் அடி பள்ளத்தில் பொருந்தி உட்கார வேண்டும். வெளியே இருக்கிற நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். பிளையரால் இறுக்கினால் ரோட்டில் அவசரத்துக்குக் கழற்ற முடியாது.

டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து, வால்வுக்கு நேர் எதிர்ப்புறத்தில் தொடங்கி இரண்டு பீடையும் உள்ளே தள்ளுங்கள். கடைசிப் பகுதி வால்வுக்குப் பக்கத்தில் வர வேண்டும். இறுகினால், ஏற்கனவே உள்ளே போன பகுதியை நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வாருங்கள், தளர்வு கிடைக்கும். கடையில் வைத்திருக்கிற இரும்பு லீவரை உள்ளே விட அனுமதிக்காதீர்கள். ஒரே கீறலில் நேற்றைய டேப் வேலை வீணாகும். பிளாஸ்டிக் லீவர், அதுவும் நுனி மட்டும்.

பீடை உட்கார வைக்க ஒரே வீச்சில் நிறையக் காற்று வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் அது உண்டு. ஆனால் அந்த ஹோஸ் பைக் வால்வுக்கானது, உங்களிடம் இருப்பது பிரெஸ்டா என்ற மெல்லிய சைக்கிள் வால்வு. பித்தளை அடாப்டர் சின்னதாகக் கிடைக்கும், அதைப் போடலாம். அடாப்டர் மாட்டுகிற மரை வால்வு பின்னில் (வால்வுக்குள் திருகியிருக்கிற, கழற்றக்கூடிய பகுதி) இருக்கிறது என்பதால் பின்னைக் கழற்றிவிட்டால் அடாப்டரும் நிற்காது. பின் இருக்கும்போது காற்று போகிற வழி குறுகல், அதனால் சில டயர் உட்காராது. அப்போது பின்னைக் கழற்றிவிட்டு, தூசி ஊதுகிற ஏர் கன்னின் ரப்பர் நுனியை நேராக வால்வில் அழுத்திப் பிடித்து, விட்டு விட்டு ஊதச் சொல்லுங்கள். பீடு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவியிருந்தால் டப், டப் என்று சத்தம் கேட்டு உட்காரும். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கிற உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்ட வேண்டாம். கம்ப்ரஸர் டேங்கில் அதை விட மிக அதிக அழுத்தம் இருக்கும், ஹோஸைப் பிடித்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்ததா என்பதை டயரின் ஓரத்தில் ஓடுகிற மெல்லிய கோடு சொல்லும். இரண்டு பக்கமும் சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். எங்காவது கோடு உள்ளே போய் மறைந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தில் மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி ஊதவும்.

உட்கார்ந்த பிறகுதான் சீலன்ட். காற்றை இறக்கினாலும் பீடு இடத்திலேயே நிற்கும். பாட்டிலை அரை நிமிடம் விடாமல் குலுக்குங்கள். ஓட்டையை அடைக்கிற துகள் அடியில் படிந்து கிடக்கும், குலுக்காமல் ஊற்றினால் டயருக்குள் போவது வெறும் திரவம். வால்வைச் சக்கரத்தின் அடியிலிருந்து சற்றுப் பக்கவாட்டுக்கு, கடிகார முள் நாலு மணியில் நிற்கிற இடத்துக்குத் திருப்பி, சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி ஏற்றுங்கள். 28 முதல் 32 மி.மீ. டயருக்கு 40 மி.லி., 35 முதல் 45க்கு 60, 29x2.2 டயருக்கு 100. புது டயர் முதல் தடவை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 20 கூடுதல். பின்னைப் பூட்டிக் காற்றடித்து, சக்கரத்தைப் படுக்கை வசத்தில் பிடித்து எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றுங்கள், பக்கச்சுவர் முழுக்க நனைய வேண்டும். ஒவ்வொரு பக்கமாக ஒரு வாளி மேல் பத்து நிமிடம் படுக்க வைத்து, பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். முதல் இரண்டு நாள் பக்கச்சுவரில் ஈரப்புள்ளிகள் கசிவது வழக்கம், துடைத்துவிட்டால் போதும்.

காற்றின் அளவு. ஓட்டுகிறவர் 70, 75 கிலோ என்றால் 32 மி.மீ.க்குப் பின்னால் 58, முன்னால் 55 பி.எஸ்.ஐ.; 40 மி.மீ.க்கு முறையே 40, 37; 29x2.2க்கு 25, 22 என்று தொடங்கிப் பாருங்கள். ரிம் கல்லில் இடிக்கிற சத்தம் கேட்டால் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள், கை நடுங்கினால் குறையுங்கள். ட்யூபுக்கு அடித்த அளவையே ட்யூப்லெஸுக்கும் அடிப்பவர்கள் இதன் சொகுசை ஒருநாளும் அறிய மாட்டார்கள். காலை 25 டிகிரியில் 40 பி.எஸ்.ஐ. வைத்த டயர், மதியம் 45 டிகிரிக்குச் சூடானால் சுமார் மூன்றரை பி.எஸ்.ஐ. கூடும். டயருக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் வெயிலில் நிறுத்திய சைக்கிளில் அளந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். நிழலில், குளிர்ந்த டயரில் அளப்பதே சரி.

கோடையும் சீலன்டும்

சீலன்ட் பாட்டிலில் இரண்டு முதல் ஏழு மாதம் வரை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். மார்ச் முதல் ஜூலை வரை வேலூரில் அந்தக் கீழ் எல்லையையே நம்ப வேண்டாம். திரவத்தில் இருக்கிற நீர் டயர் துணி வழியாகவே ஆவியாகிவிடும். மெல்லிய டயர், மொட்டை மாடி, தகரக் கொட்டகை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இன்னும் சீக்கிரம். கோடையில் ஆறு வாரத்துக்கு ஒரு தரம், மற்ற மாதங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தரம், டயருக்கு 30 மி.லி. சேர்த்துக்கொண்டே இருங்கள். 40 மி.மீ. ஜோடிக்கு முதல் தடவை 160 மி.லி., பிறகு ஒவ்வொரு முறையும் 60 என்று பார்த்தால் அரை லிட்டர் பாட்டில் ஏறத்தாழ ஒரு வருஷத்துக்குச் சரியாக வரும்.

உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்க டயரைக் கழற்ற வேண்டியதில்லை. வால்வு மேல்பக்கம் இருக்கும்போது காற்றை இறக்கி, பின்னைக் கழற்றி, பிறகு வால்வை அடிப்பக்கம் கொண்டுவந்து ஐந்து நிமிடம் விட்டு, ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை உள்ளே விட்டு எடுங்கள். நுனியில் சில மி.மீ. நனைந்து வந்தால் இருக்கிறது. பிசுபிசுவென்று நூல் இழுத்தால் முடியப்போகிறது. காய்ந்து வந்தால் டயரைத் திறந்து பாருங்கள், உட்புறம் முழுக்கப் பாலாடை மாதிரி ஒரு ரப்பர் தோல் படிந்திருக்கும், ஓரிடத்தில் உறைந்த உருண்டைகளும் கிடக்கும். அதன் மேலேயே புதிதாக ஊற்றினால் எடைதான் ஏறும். வருஷத்துக்கு ஒரு தரமாவது தோலை உரித்தெடுத்து, டேப்பின் விளிம்பையும் பார்த்துவிட்டு, புதிதாக நிரப்புங்கள். இரண்டு கம்பெனி சீலன்டைக் கலக்க வேண்டாம். சில கலவைகள் டயருக்குள்ளேயே திரிந்துவிடும். பெட்ரோல் பங்க்கில் பைக்குக்கு விற்கிற பச்சை நிறக் கெட்டித் திரவமும் வேண்டாம். அது பக்கச்சுவர் நுண்துளையை அடைக்கச் செய்ததல்ல, நாரும் துகளும் பிரெஸ்டா வால்வை அடைத்துவிடும்.

வால்வு பின் அடைபடுவது சீலன்ட் உள்ள எல்லாச் சக்கரத்திலும் நடக்கும். பம்ப் அழுத்தினால் கனமாக இருக்கும், மீட்டர் முள் மட்டும் தாவும், டயரில் ஏறாது. பின்னைக் கழற்றி ஊசியால் உறைந்த ரப்பரை எடுத்தால் சரியாகும், இல்லையென்றால் புதுப்பின் போட்டுவிடுங்கள். வால்வு மேல்பக்கம் இருக்கும்போது மட்டுமே காற்றடிப்பது, இறக்குவது என்று பழகிக்கொண்டால் இந்தத் தொல்லை பாதியாகும்.

ஒரே இரவில் காற்று முழுக்க இறங்கினால் எங்கே போகிறது என்று தேடும் வரிசை: சோப்புத் தண்ணீரை முதலில் வால்வு நட்டைச் சுற்றி, பிறகு பின்னின் நுனியில், பிறகு பீடு ஓரம், கடைசியாக ஸ்போக் நிப்பிள்களில் விடுங்கள். நிப்பிளில் குமிழி வந்தால் அந்த நிப்பிளுக்கு நேரே ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள். டேப் எங்கே விலகினாலும் காற்று ரிம்முக்குள் ஓடி எந்த நிப்பிள் வழியாகவும் வரும். மருந்து ஒன்றுதான், டேப்பை முழுக்க மாற்றுவது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்கள், அதுவும் ரிம் பிரேக் வைத்தவர்கள், பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடாகி டேப்பின் பசை இளகும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, நேர்ப்பகுதியில் விட்டு விட்டு இறங்குங்கள்.

ரோட்டில் பெரிய ஓட்டை விழுந்தால் பிளக். சைக்கிளுக்கென்று விற்கிற ஒன்றரை மி.மீ., மூன்று மி.மீ. ரப்பர் ஸ்ட்ரிப்பும் முள்கரண்டி மாதிரியான குத்தூசியும் பையில் இருக்கட்டும். முள்ளையோ கம்பியையோ எடுத்த உடனே ஸ்ட்ரிப்பைக் குத்தி, ஊசியை வெளியே இழுத்து, வெளியே நிற்கிற வாலை மூன்று மி.மீ. விட்டு நறுக்கி, காற்றடியுங்கள். பைக் பஞ்சர் கடையில் கொடுத்தால் அவர்கள் முதலில் அரம் போன்ற தடித்த ஊசியை விட்டு ஓட்டையைப் பெரிதாக்குவார்கள், பைக் டயருக்கு அது சரியான முறை. சைக்கிள் டயரின் மெல்லிய துணியில் அதைச் செய்தால் நெசவு அறுந்து டயரே போய்விடும், ஆகவே தடுத்துவிடுங்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அதே கடைக்காரரிடம் வேறு வேலை இருக்கிறது: டயரைக் கழற்றி, உட்புறம் சீலன்டைத் துடைத்து, உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, ட்யூபுக்கு ஒட்டுகிற அதே ஒட்டை உள்ளே ஒட்டச் சொல்லுங்கள். நன்றாக நிற்கும், பிளக்கை விட நாள் தாங்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் வால்வை மேல்பக்கம் வைத்து ஊத வேண்டும். அந்தக் குளிர் நேராகச் சீலன்டில் பட்டால் சில வகைகள் உறைந்துபோகும்.

ட்யூப்லெஸ் ரிம் இல்லாத ஹீரோ, ஹெர்குலிஸ் எம்.டி.பி. வைத்திருப்பவர்கள் முழுச் சக்கரத்தையும் மாற்றும் செலவுக்குப் போக வேண்டியதில்லை. அந்தச் சைக்கிள்களில் பைக் வால்வு வைத்த ட்யூப் இருந்தால், வால்வு பின்னைக் கழற்றி 80 முதல் 100 மி.லி. சீலன்டை ட்யூபுக்குள்ளேயே ஏற்றுங்கள். கல்லில் இடித்து இரட்டைப் பல் மாதிரி கிழிகிற பஞ்சரை இது அடைக்காது, நெருஞ்சியையும் வேலிக்காத்தானையும் பெருமளவு அடைக்கும். தினமும் வேலைக்கோ காலேஜுக்கோ தார் ரோட்டில் போகிறவருக்கு, எடை பரவாயில்லை என்றால், ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரும் சாதாரண ட்யூபும் இன்னும் எளிது. டயருக்குள் 5 மி.மீ. தடிமனில் ரப்பர் அடுக்கு இருப்பதால் முள் உள்ளே வந்து சேர்வதே அபூர்வம். வேகம் குறையும், பராமரிப்பு ஏறக்குறைய இல்லை.

ஜவ்வாது மலைக்குப் போகும்போது பிளக், பம்ப்போடு ஒரு ட்யூபும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கச்சுவர் கிழிந்தால் அதுதான் கடைசி வழி. ட்யூப்லெஸ் டயரில் ட்யூப் போடும்போது பெரும்பாலோர் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. பல மாதமாகச் சீலன்ட் அடைத்து வைத்த முள் நுனிகள் அத்தனையும் டயரின் உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படியே ட்யூபைப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் நாலு இடத்தில் பஞ்சர். வெறும் விரலால் தடவாதீர்கள், ஒரு துணியால் உட்புறத்தைச் சுற்றித் துடையுங்கள், முள் இருக்கிற இடத்தில் துணி மாட்டும். நுனியைப் பிடித்து இழுக்கச் சின்னக் குறடோ நகவெட்டியோ வேண்டும். கிழிசலுக்கு உள்பக்கம் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து, அதன் பிறகு ட்யூபைப் போட்டு, வழக்கத்தை விட ஐந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக வைத்து இறங்குங்கள்.